அறளை என்று விட்டுவிட முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

மறதி நோய் பற்றித் தங்கள் பத்திரிகையில் அண்மையில் வெளியான கட்டுரையில், அதற்கான காரணங்களுள் எச்.ஐ.வி. தொற்று இடம்பெறவில்லை. பெயரைச் சொல்லக் கூசியதால் விட்டார்களோ தெரியாது. ஆனால் மருந்தால் பெருமளவு தடுக்கக்கூடிய ஒன்றல்லவா விடுபட்டிருக்கிறது.

நான் சேவையிலிருந்த காலத்தில், நாற்பது வயதைத் தாண்டிய கடைக்காரர் ஒருவரைப் பராமரித்தேன். ஐந்நூறு ரூபாய்த் தாளைக் கையில் பிடித்தபடி மிச்சக் காசைக் கணக்குப் பார்க்க முடியாமல் நிற்பாராம். சட்டைப் பொத்தான் பூட்டக் கனநேரம் எடுத்தது. ஆட்களின் பெயர்கள் நினைவிலிருந்தன, ஆனால் எதிலும் நாட்டமில்லை. அல்சைமர் நோயில் பெரும்பாலும் நினைவே முதலில் தளரும்; இங்கோ மூளையின் ஆழ்பகுதிகள் தாக்கப்படுவதால் வேகமும் கவனமும் முதலில் குன்றுகின்றன. "இந்த வயதிலேயே அறளை பெயர்ந்துவிட்டது" என்று வீட்டார் நூல் கட்டித் திரிந்ததில், குருதிப் பரிசோதனைக்கு வரும்போது ஒரு வருடம் கடந்திருந்தது.

தொற்று ஏற்பட்டுச் சில வாரங்களுக்குள்ளேயே, வைரசைச் சுமந்த வெண்குருதிக் கலங்கள் மூளையின் தடுப்பைக் கடந்து உள்ளே போய்விடுகின்றன. வைரசு நரம்புக் கலங்களுக்குள் புகுவதில்லை. மூளையின் காவற் கலங்களில் குடியேறுகிறது, அவை கக்கும் அழற்சிப் பொருட்களும் வைரசின் புரதங்களும் சேர்ந்தே அயலிலுள்ள நரம்புக் கலங்களை நலியச் செய்கின்றன. 1986 இல் அமெரிக்க மருத்துவர்கள் இந்நிலையை விரிவாக விபரித்தபோது சிகிச்சை இருக்கவில்லை. 1996 அளவில் கூட்டுமருந்துச் சிகிச்சை வந்தபின் கடுமையான மறதி நோய் அரிதாகிவிட்டது. இலேசான தடுமாற்றம் மருந்து எடுப்போரிலும் சிலருக்குத் தொடர்கிறது என்பது உண்மை. நிர்ப்பீடனம் மிகவும் வீழுமுன் மருந்தைத் தொடங்கியவர்களுக்கே பாதிப்புக் குறைவு. அந்த மருந்து நம் நாட்டு அரச சிகிச்சை நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. மேற்சொன்ன கடைக்காரரும் சில மாதங்களில் மீண்டும் கல்லாவில் அமர்ந்தார், முன்னைய சுறுசுறுப்பு முழுதாகத் திரும்பாவிட்டாலும்.

ஆகவே, நடுவயதில் ஒருவர் காரணமின்றி மந்தமானால், தைரொயிட், விற்றமின் பி12 பரிசோதனைகளோடு எச்.ஐ.வி. பரிசோதனையையும் அவரது சம்மதத்துடன் செய்விக்குமாறு வைத்தியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பெறுபேற்றை, சனம் நிறைந்த விறாந்தையில் பெயர் கூப்பிட்டுச் சொல்லாமல், கதவைச் சாத்திவிட்டுச் சொல்லுங்கள். அந்தப் பயத்திலேயே பலர் வராமல் இருந்துவிடுகிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.