பேகோஸ் மக்கள் மறையவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலப் பயணக் கட்டுரையில் படங்கள் அருமை. ஆனால் பேகோஸ் என்ற பழைய ஊரின் இடிபாடுகளைச் சொல்லும்போது, அங்கே வாழ்ந்த பழங்குடிகள் "சுவடில்லாமல் மறைந்துபோனார்கள்" என்று ஒரு வரி. அது தப்பு.

மகள் அந்த மாநிலத்து அல்புகர்க்கி நகரில் இருப்பதால் நானும் பேகோஸ் போயிருக்கிறேன். நடைபாதையில் கறுப்புக் கோடு போட்ட பானை ஓடு ஒன்றைப் பேரன் எடுத்துவிட்டான். "எங்கே எடுத்தாயோ அங்கேயே வை" என்றார் பூங்காக் காவலர். "அதற்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்" என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் அதன் அர்த்தம் விளங்கியது.

அம்மை, கமாஞ்சி என்ற வேறொரு பழங்குடியினரின் தாக்குதல் என்று ஊர் தேய்ந்துகொண்டே வந்து, 1838-இல் இருபது பேர் அளவுக்குத்தான் மிஞ்சினார்கள். அவர்கள் சுமார் 80 மைல் தள்ளி, தங்கள் மொழியையே பேசும் ஹேமெஸ் ஊரில் குடியேறினார்கள். இரு ஊர் மக்களும் ஒன்றே என்று 1936-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமே போட்டிருக்கிறது.

தொல்லியலாளர் ஆல்ஃபிரட் கிடர் 1915 முதல் 1929 வரை பேகோஸில் தோண்டினார். ஊரார் தலைமுறை தலைமுறையாகக் குப்பை கொட்டிய மேட்டை அடுக்கடுக்காக வெட்டி, எந்த ஓடு அடியில், எது மேலே என்று பார்த்துக் காலவரிசை கட்டினார். அந்தப் பகுதித் தொல்லியலுக்கே அதுதான் அஸ்திவாரம், மறுக்கவில்லை. ஆனால் அந்த மேட்டில் இறந்தவர்களையும் புதைத்திருந்தார்கள். ஏறக்குறைய 2,000 பேரின் எலும்புகள் ஹார்வர்டுக்குப் போயின. பழங்குடிகளின் எச்சங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கச் சொல்லி 1990-இல் சட்டம் வந்து, 1999-இல்தான் அவை திரும்பின. ஹேமெஸ் மக்கள் பல நாள் நடந்தே வந்து, பேகோஸ் மண்ணில் தங்கள் முன்னோரை மறுபடி அடக்கம் செய்தார்கள். சுவடில்லாமல் மறைந்தவர்களுக்கு இத்தனை பேரன் பேத்திகளா?

கட்டுரையில் அறவே விடுபட்டவர்கள் ஹிஸ்பானோக்கள், அதாவது ஸ்பானியர் காலத்திலிருந்து அங்கேயே வேர்விட்ட குடும்பங்கள். பழங்குடிகள் ஊரைவிட்டுப் போனபோது, தங்கள் தேவாலயத்து மாதா ஓவியத்தைப் பக்கத்து ஹிஸ்பானோ ஊராரிடம் ஒப்படைத்ததாகச் சொல்வார்கள். ஓவியம் இன்றும் அந்த ஊர்க் கோயிலில் இருக்கிறது. ஆகஸ்ட் மாதம் அதை இடிந்த தேவாலயத்துக்குத் தூக்கிவந்து பூசை வைக்கிறார்கள். கூரையில்லாத செங்காவிச் சுவர்களைக் கட்டுரையாளர் அவ்வளவு அழகாகப் படம் எடுத்திருக்கிறாரே, அதே இடத்தில்தான்.

இன்னொன்று. கிடரையும் அவர் மனைவியையும் அடக்கம் செய்திருப்பது அந்த இடிபாடுகளுக்கு அருகிலேயே. அவர் சமாதியை யாரும் தோண்டவில்லை.

அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தமாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
பாளையங்கோட்டை