கல்வாழைக் கிழங்கு எடுத்து வைத்திருக்கிறேன்

அன்புள்ள செல்விக்கு,

அம்மா எழுதுவது. போன் போட்டால் 'அப்புறம் பேசறேன்மா' என்கிறாய், அதனால்தான் கடிதம். காவேரிப்பட்டணம் முழுக்க மாம்பூ வாசம். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை.

பின்கட்டில் குளியலறைத் தண்ணீர் போகிற இடத்தில் கல்வாழை மண்டிவிட்டது. மஞ்சளில் சிவப்புப் புள்ளி போட்டது, நீ பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்தாயே, அதுதான். ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வந்தாலும் அது குடிக்க. இதற்குக் குளித்த தண்ணீரே போதும். நெருக்கமானால் பூ சிறுத்துப்போகும் என்று கிளறிப் பிரித்தேன். கிழங்கு இஞ்சி மாதிரி கணுக்கணுவாக, நுனியில் இளஞ்சிவப்பு முளை. நல்லதாகப் பார்த்து உனக்கென்று மண்ணோடு சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன்.

தொட்டியில் வைப்பதானால் பெரியதாக வை. மட்கிய சாணம் கலந்து, நாலு விரல் ஆழத்தில் முளை மேலே பார்க்க வைத்து மூடு. நல்ல வெயிலும் வேண்டும், ஈரமும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் பூ குறையும். பெங்களூரில் கோடை வந்தால் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்க வேண்டும், தெரியும். அரிசி, பருப்பு, காய் கழுவிய தண்ணீரை ஊற்று. இலை சுருண்டிருந்தால் பிரித்துப் பார், உள்ளே புழு இருக்கும், எடுத்துப் போடு. பூத்து ஓய்ந்த தண்டை அடியோடு வெட்டு, பக்கத்தில் கன்று வரும். ஈரம் காயவிடாதே.

தொட்டி வைக்க இடம் இருக்கிறதா? வீடு மாறலாம் என்றாய். எந்தப் பக்கம், யார் யார் என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. வேலையாக இருந்திருப்பார்.

ஒருத்தர் துணையில்லாமல் அந்த ஊருக்குப் போய் வேலை தேடிக்கொண்டவள் நீ. சித்தி இன்றைக்கும் அதைச் சொல்லித்தான் தன் பிள்ளைகளைத் திட்டுகிறாள். ஆனால் கிருஷ்ணகிரிக்கு இரண்டு மணி நேரப் பஸ், பொங்கலுக்கும் வரவில்லையே கண்ணு. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

அப்பா பழைய சிமெண்ட் தொட்டியில் அல்லி போட்டிருக்கிறார். கொசுவுக்காகக் கப்பி மீனும் விட்டிருக்கிறார். சாயங்காலமானால் அதன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். உன்னைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. நீ போன் செய்தால் மட்டும் டிவி சத்தத்தைக் குறைக்கிறார்.

கிழங்கைக் கூரியரில் அனுப்பலாம் என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். நீயே வந்து எடுத்துக்கொள். மாப்பிள்ளைக்கு லீவு இல்லையென்றால் தனியாகவே வா, இங்கே யாரும் ஒன்றும் கேட்க மாட்டோம். கொஞ்ச நாள் தங்குகிற மாதிரி வா. பெட்டி எத்தனை இருந்தாலும் சரி, அப்பா பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ கூட்டிக்கொண்டு வருவார். எந்தப் பஸ் என்று மட்டும் சொல்.

அம்மா