ஏறாமல் பார்த்த பாறை

மெல்போர்ன்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. அக்கா வீட்டில் எல்லாரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் நடுவில் பாலைவனத்தில் நிற்கும் உலுரு பாறைக்குப் போய் வந்ததைச் சொன்னபோது, "மேலே ஏறவே விடமாட்டார்கள் என்றால் அவ்வளவு தூரம் போய் என்னம்மா பார்த்தீர்கள்?" என்று போனில் கேட்டாய். அதற்குள் பேத்தி அழ ஆரம்பித்துவிட்டாள், பேச்சு நின்றுபோனது. அடுத்த வருஷம் நீங்களும் வருகிறீர்கள். வருவதற்கு முன்னால் நீ இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

படத்தில் பார்த்தால் மொழுமொழுவென்று ஒரே சிவப்புக் குன்று. 348 மீட்டர் உயரம், அவ்வளவுதான் தெரியும். கிட்டே போனால்தான் அதில் எத்தனை மடிப்பு, எத்தனை குகை, எத்தனை தழும்பு என்று புரிகிறது. மேல்தோல் செதில் செதிலாக உரிந்து நிற்கிறது. உள்ளே கல் சாம்பல் நிறம்தான். அதிலுள்ள இரும்பு துருப்பிடித்ததால்தான் வெளியே அந்தச் சிவப்பு. ஐம்பது கோடி வருஷத்துக்கும் முன்னால் படுக்கைவாக்கில் படிந்த மணல் அடுக்குகள், பூமி புரண்டதில் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக நிற்கின்றன. தொலைவில் நின்று பார்த்தால்கூட அந்த வரிகள் தெரியும்.

சுற்றி நடக்க 10.6 கிலோமீட்டர் பாதை. விடிகாலையிலேயே கிளம்பினோம். அப்பா பாதியில் காரில் ஏறிக்கொண்டார், நானும் அக்காவும் முழுக்க நடந்தோம்.

அந்த நிலம் அங்கத்திய பழங்குடிகளான அனங்கு மக்களுடையது. வில்லியம் காஸ் என்ற வெள்ளைக்கார சர்வேயர் 1873-ல் வந்து பார்த்துவிட்டு, தெற்கு ஆஸ்திரேலிய அரசின் பெரிய மனிதர் ஹென்றி ஏயர்ஸின் பெயரை வைத்து 'ஏயர்ஸ் ராக்' என்றார். அதற்கு எத்தனையோ ஆயிரம் வருஷம் முன்பிருந்தே அங்கே குடும்பங்கள் வாழ்ந்திருக்கின்றன. மாலா பாதை என்று ஒரு பகுதி உண்டு (மாலா என்றால் முயல் மாதிரி இருக்கும் ஒரு சின்னக் கங்காரு வகை), அதில் ரேஞ்சர் ஒருவர் கூட வந்து காட்டினார். பெண்கள் சமைத்த குகையின் கூரை இன்னும் கரிபிடித்துக் கறுப்பாக இருக்கிறது. இன்னொன்றில் தாத்தாக்கள் பையன்களை உட்காரவைத்து, சுவரில் காவிக்கல் பொடியால் வரைந்து, எங்கே தண்ணீர் கிடைக்கும், எப்படி வேட்டையாடுவது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். படத்தின் மேல் படம், அதன் மேல் இன்னொரு படம். சுற்றுலா ஆரம்பித்த காலத்தில் வழிகாட்டிகள், போட்டோவில் பளிச்சென்று விழட்டும் என்று அந்தச் சித்திரங்கள் மேல் தண்ணீரை வாரி அடிப்பார்களாம். பல படங்கள் மங்கிக் கிடக்கின்றன. கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது.

பாறையைச் சுற்றி வந்ததில் என் மனசை விட்டுப் போகாத இடம் முத்திஜூலு சுனை. அனங்கு மக்கள் சொல்லும் அந்த இடத்துக் கதையில், குனியா என்ற மலைப்பாம்புப் பெண் தன் முட்டைகளைச் சுமந்துகொண்டு கிழக்கிலிருந்து வருகிறாள். அவளுடைய உடன்பிறப்பின் மகனை லிரு என்ற விஷப்பாம்புக் கூட்டத்து வீரர்கள் ஈட்டியால் குத்திவிடுகிறார்கள். அவள் துக்கத்தோடும் கோபத்தோடும் வந்து லிரு ஒருவனை எதிர்த்து நிற்கிறாள். அவன் ஏளனம் செய்கிறான். முதல் அடி லேசாக விழுகிறது, இரண்டாவது அடியில் அவன் முடிந்துபோகிறான். அந்த இரண்டு அடிகளும் பாறையில் இரண்டு பிளவாக இருக்கின்றன, ஒன்று சின்னது, ஒன்று ஆழமானது. அவள் ஊர்ந்துவந்த தடம் நெளிநெளியாகக் கறுப்பாகத் தெரிகிறது. கதையைக் கேட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தால், தம்பி, பாறை எழுத்தாக மாறிவிடுகிறது. சுனையில் அசையாத தண்ணீர், சுற்றிலும் மரநிழல். எங்களோடு வந்த குழந்தைகள்கூடச் சத்தம் போடவில்லை.

வெளியாருக்குச் சொல்லலாம் என்று அவர்கள் வைத்திருக்கும் கதை இது. சொல்லாத கதைகள் நிறைய. வடகிழக்குப் பக்கம் போகும்போது பலகை வைத்திருக்கிறார்கள்: இந்தப் பகுதி புனிதமானது, படம் எடுக்க வேண்டாம். அந்தப் பாறைகள் அவர்களுக்கு வேதம் மாதிரி. சில இடம் ஆண்களுக்கு மட்டும், சில இடம் பெண்களுக்கு மட்டும். அந்தப் படம் வேறெங்கோ ஒரு திரையில் பார்க்கக் கூடாதவர் கண்ணில் படக்கூடாது. அக்கா போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடிவிட்டாள். நாங்கள் பார்த்துக்கொண்டு நடந்தோம், அவ்வளவுதான். இங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, தெரியவேண்டிய உரிமையும் எனக்கு இல்லை என்ற நினைப்போடு நடந்தது எனக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது தெரியுமா!

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். ஏறுவதை நிறுத்தியது ஏதோ அரசாங்கக் கெடுபிடி இல்லை. 1985 அக்டோபர் 26-ல்தான் அந்த நிலத்தை அனங்கு மக்களிடம் சட்டப்படி திருப்பிக் கொடுத்தார்கள். அதையும் அவர்கள் அரசுக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட வேண்டியிருந்தது. "தயவுசெய்து ஏறாதீர்கள்" என்று வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், தடுக்கவில்லை. ஜனங்கள் 1964-ல் அடித்த சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏறிக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பாதை மாலா மூதாதையர் முதன்முதலில் வந்து சேர்ந்த வழி. 37 பேர் அங்கே இறந்திருக்கிறார்கள். தங்கள் மண்ணுக்கு வந்த விருந்தாளி செத்துப்போனால் அனங்கு மக்களுக்கு அது சொந்தத் துக்கம். மேலே கழிப்பறை கிடையாது. மழை வந்தால் எல்லாம் கழுவிக்கொண்டு கீழே சுனைகளில்தான் இறங்கும். அவர்கள் பெரும்பான்மையாக உள்ள நிர்வாகக் குழு 2017-ல் முடிவெடுத்து, 2019-ல் அதே அக்டோபர் 26 முதல் மூடிவிட்டார்கள். சங்கிலியையும் பிடுங்கியாயிற்று. செருப்புக்கால்கள் தேய்த்த வெளிறிய கோடு மட்டும் பாறையில் இன்னும் இருக்கிறது.

அப்பாவுக்குத் திருவண்ணாமலை ஞாபகம் வந்துவிட்டது. மலையே சிவன் என்பதால்தானே நாம் மிதிக்காமல் சுற்றி வருகிறோம் என்றார். சரிதான், ஏன் ஏறக்கூடாது என்பது நமக்குச் சட்டென்று புரிய அது உதவும். ஆனால் அங்கே வந்திருந்த நம் ஊர்க் குடும்பம் ஒன்று "இது சுயம்பு லிங்கம்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. பக்தியில்தான் சொன்னார்கள். என்றாலும் குனியாவின் இடத்தில் நம் சாமியைக் கொண்டுபோய் வைப்பது, காஸ் தன் ஆள் பெயரை வைத்ததிலிருந்து எவ்வளவு தூரம்? பேத்திக்கு நீ குனியா கதையையே சொல்.

மறுநாள் காட்டா ஜூட்டா. மாப்பிள்ளைதான் ஓட்டினார். 36 குன்றுகள் ஒட்டி ஒட்டி நிற்கின்றன, பெரியது உலுருவைவிட 200 மீட்டர் அதிக உயரம். கல்லும் அங்கே வேறு. தலையளவு கூழாங்கற்களைப் போட்டு காங்கிரீட் ஊற்றியதுபோல இருக்கிறது. அது அனங்கு ஆண்களுக்குரிய இடம், அதன் கதையை யாரும் சொல்வதில்லை. காற்றுப் பள்ளத்தாக்கு என்ற 7.4 கிலோமீட்டர் நடையில் நான் முதல் காட்சிமுனை வரைதான் போனேன், அதற்குமேல் கரடுமுரடு. நீங்கள் முழுக்கப் போங்கள். வெயில் 36 டிகிரி வரும் என்றால் அந்தப் பாதையின் உள்பகுதியை மூடிவிடுவார்கள்.

அதனால் டிசம்பர், ஜனவரியில் வராதே. உன் லீவு எப்படியோ, ஜூன், ஜூலைக்கு மாற்றிக்கொள். பகலில் இதமாக இருக்கும், சில ராத்திரி பூஜ்யத்துக்கும் கீழே போகும், பேத்திக்குக் கம்பளித் தொப்பி வேண்டும். நடக்கும்போது மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வைத்துக்கொள். முகத்தில் போடுகிற ஈ வலை இங்கே என்னிடம் இருக்கிறது, வாங்காதே.

இன்னொன்று. பேத்தி போகிற இடமெல்லாம் கல் பொறுக்குகிறாள். அங்கே ஒரு சின்னக் கல், ஒரு பிடி சிவப்பு மண்கூட எடுக்கவிடாதே. முன்னால் எடுத்துப் போனவர்கள் பல நாடுகளிலிருந்து மன்னிப்புக் கடிதத்தோடு பார்சலில் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்களாம். எந்த இடத்துக் கல் என்று தெரியாததால் அதைப் பழைய இடத்தில் வைக்கவும் முடியாது. ஏன் எடுக்கக்கூடாது என்பதை விமானம் ஏறுவதற்கு முன்பே அவளுக்குச் சொல்லிவிடு, அங்கே போய் அதட்ட வேண்டாம்.

டிக்கெட் போடுவதற்கு முன் அக்காவிடம் தேதியைக் கேட்டுக்கொள். நீங்கள் போகும்போது நானும் இன்னொரு தடவை வருகிறேன், அந்தச் சுனைக்கு மட்டுமாவது.

அன்புடன்,
அம்மா