வெங்காயம் நட முன்னமே வரியைச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

யாழ்ப்பாணத்துக் கமக்காரன் 1977க்கு முன் உலகச் சந்தையைக் கண்டதில்லை, மூடிய பொருளாதாரத்தில் சொகுசாக வளர்ந்தவன், அதனால்தான் இப்போது போட்டிக்கு நிற்க மாட்டாமல் இறக்குமதி வரி கேட்கிறான் என்று அண்மையில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். உரும்பிராயில் தலைமுறையாகத் தோட்டம் செய்யும் குடும்பத்தவன் நான். இதற்கு மறுமொழி எழுதாமல் இருக்க மனம் கேட்கவில்லை.

உலகச் சந்தை எங்களுக்கு நேற்று வந்ததல்ல. ஒல்லாந்தர் காலத்திலேயே எங்கள் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. அங்கே புகையிலை வியாபாரம் அரசரின் தனியுரிமை. அவர் கொள்வனவைக் குறைத்தால் இங்கே தோட்டம் படுத்துவிடும். பிறகு ஆங்கிலேயர் மலாயாவில் ரயில் பாதை போட்டபோது எங்கள் ஆட்கள் லிகிதர்களாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் அங்கே போனார்கள். அவர்கள் அனுப்பிய மணியோடர் காசில் எழும்பிய கல்வீடுகள் எங்கள் வலிகாமப் பகுதியில் இன்னும் நிற்கின்றன.

1970இல் வந்த சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம், அந்நியச் செலாவணி இல்லாத நெருக்கடியில் இறக்குமதியை இறுக்கியது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை. முற்றம் நிறையப் பாய் விரித்துச் செத்தல் மிளகாய் காயும். கோழி கிளறாமல் அம்மா தடியோடு காவல் இருப்பா. துலாவை விட்டு ஐயா வாட்டர் பம்ப் வாங்கியது அந்தச் செத்தல் காசில்தான். அது எங்களுக்கு நல்ல காலம், மறைக்கத் தேவையில்லை. ஆனால் விடிய முன்னம் பாணுக்குக் கியூவில் நின்றதும் அதே காலத்தில்தான். அந்த நாட்களைத் திருப்பித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை.

1977இல் ஜே.ஆர். ஜெயவர்தன ஆட்சிக்கு வந்தார். ரூபாயின் மதிப்பு இறக்கப்பட்டது, இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன, சர்வதேச நாணய நிதியத்தின் கடனும் வந்தது. வெளி மிளகாய் வந்து இறங்க எங்கள் மிளகாயின் விலை விழுந்தது. ஐயா சாக்குக் கட்டி வைத்த செத்தல் அறைக்குள்ளேயே கிடந்து நிறம் மங்கியது. வன்னியில் விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் காணி எடுத்து மிளகாய் போட்ட பெடியளில் எனக்குத் தெரிந்த சிலர் கடனோடு ஊருக்கு வந்தார்கள். சந்தையைத் திறந்ததை விட, பயிர் நிலத்தில் நிற்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் திறந்ததுதான் எங்கள் வயிற்றில் அடித்தது.

அதன் பிறகு போர். ஜெனீவாவில் உலக வர்த்தக நிறுவனம் தொடங்கியது 1995இல். நாடுகளுக்கிடையே சரக்கு தடையின்றி ஓட வேண்டும் என்று அங்கே பேசிய அந்த ஆண்டுகளில் இங்கே யூரியாவுக்கும் எரிபொருளுக்கும் தடை. அதே ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமமே பெட்டி படுக்கையோடு தென்மராட்சிக்கு நடந்தது. எங்களைப் போட்டிக்குத் தகுதியில்லாதவர்கள் என்று சொல்பவர்கள், மற்ற நாட்டு விவசாயி மானியமும் கடனும் வாங்கி முன்னேறிய அந்தக் காலத்தில் நாங்கள் எங்கே நின்றோம் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

உலக வர்த்தக நிறுவனத்தில் கையெழுத்து வைத்துவிட்டோம், இனி ஒன்றும் செய்ய ஏலாது என்ற பேச்சையும் நான் ஏற்கவில்லை. விவசாயப் பொருட்களுக்கு 50 வீதம் வரை இறக்குமதித் தீர்வை விதிக்கும் உரிமையை இலங்கை அந்த ஒப்பந்தத்திலேயே வைத்துக்கொண்டது. இறக்குமதிப் பொருட்களுக்கென 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த விசேட பண்ட வரியை ஒரு வர்த்தமானி அறிவித்தலோடு கூட்டலாம், குறைக்கலாம். எங்களுக்கு வில்லங்கம் அங்கேதான். நகையை ஈடு வைத்து விதை வெங்காயம் வாங்கி, மருந்தடித்து, இறைத்து, கிண்டிச் சந்தைக்குக் கொண்டு போகிற கிழமையில் வரி குறைந்தால் வெளியிலிருந்து வரும் பம்பாய் வெங்காயம் மலிந்துவிடும். உருளைக்கிழங்குக்கும் இதே நிலைதான். நகர்ப்புறத்து ஏழைக் குடும்பத்துக்கு மலிவான வெங்காயம் வேண்டும் என்பது நியாயம். அந்த நியாயத்தின் முழுச் செலவையும் கிண்டுகிற கிழமையில் தோட்டக்காரன் தலையில் போடுவது நியாயமில்லை.

ஆகவே நிதியமைச்சிடம் நான் கேட்பது ஒன்றே. நவம்பரில் கிழங்கு நட முன்னமே, வெங்காயத்துக்கும் அப்படியே, அந்தப் போகத்துக்கான வரி இவ்வளவு என்று அறிவியுங்கள். அறுவடை முடியும்வரை அதை மாற்றாதீர்கள். வரி குறைவென்றால் குறைவென்று தெரிந்தே நாங்கள் வேறு பயிர் போடுவோம். வடக்கின் பாராளுமன்ற உறுப்பினர்கள் வரும் வரவு செலவுத் திட்ட விவாதத்தில் இதை எழுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
தோட்டக்காரர் ஒருவர்,
உரும்பிராய்.