"பூமியை விழுங்க வருகிறதா?": அறிவியல் செய்தி வெளியிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செய்தி ஆசிரியர்களுக்கும் காணொளித் தயாரிப்பாளர்களுக்கும்,

வணக்கம். விண்வெளியில் தனியே அலையும் கருந்துளைகளை (ஒளிகூடத் தப்ப முடியாத ஈர்ப்பு கொண்ட பொருள்களை) பற்றி நீங்கள் வெளியிடும் செய்திகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கின்றன. நடுவில் கறுப்பு வட்டம், சுற்றிலும் தீ வளையம், மூலையில் ஒரு சின்ன பூமி, கீழே "விழுங்குமா?" என்ற கேள்வி. கேள்விக்குறி போட்டுவிட்டால் பொய் சொன்ன பாவம் சேராது என்று யார் சொல்லித் தந்தார்களோ தெரியவில்லை. வான்நோக்குக் கூட்டங்களில் பிள்ளைகளுக்குச் சனிக் கோளைக் காட்டும் பழக்கம் எனக்கு உண்டு. வளையத்தைப் பார்த்து வாய்பிளக்க வேண்டிய வயதில், "அந்தக் கருந்துளை எப்போது நம்மிடம் வரும், சார்?" என்று கேட்கிறார்கள்.

விடை ஒரு வகுத்தல் கணக்குதான். தனியே அலைவதாக உறுதிசெய்யப்பட்ட கருந்துளை, ஓகிள்-2011-பிஎல்ஜி-0462 என்ற பட்டியல் பெயர் கொண்டது. நம்மிடமிருந்து சுமார் 5,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது (ஒளி ஓராண்டில் கடக்கும் தூரமே ஓர் ஒளியாண்டு). அக்கம்பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டால் நொடிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது. ஒளியோ நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகிறது, அதாவது 6,000 மடங்கு வேகம். ஆகவே அந்தக் கருந்துளை நம்மைக் குறிவைத்து நேராகப் புறப்பட்டது என்றே வைத்துக்கொண்டாலும் வந்து சேர 3 கோடி ஆண்டுகள் ஆகும். அது நம்மைக் குறிவைக்கவும் இல்லை. நமக்கு மிக அருகில் உள்ள, இன்னும் கண்ணில் படாத தனிக் கருந்துளை 80 ஒளியாண்டு தொலைவில் இருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு உண்டு. அதே வேகத்தில் அதுவும் வர ஏறத்தாழ 5 லட்சம் ஆண்டுகள் வேண்டும்.

'உறிஞ்சுகிறது' என்று எழுதும் வழக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள். கருந்துளை எதையும் தேடிப் போய் உறிஞ்சுவதில்லை. தொலைவில் இருப்பவற்றுக்கு அது அதே நிறையுள்ள ஒரு விண்மீனைப் போலத்தான். சூரியன் இருக்கும் இடத்தில் அதே நிறையுள்ள கருந்துளையை வைத்தாலும் பூமி இன்றைய பாதையிலேயே சுற்றும் (குளிரில் உறைந்து போவோம், அது வேறு சங்கதி). மேலே சொன்ன கருந்துளையின் நிறை சூரியனைப் போல ஏழு மடங்கு. அதன் குறுக்களவோ சுமார் 42 கிலோமீட்டர்தான்.

இதைவிட எனக்கு வருத்தம் தருவது அந்தத் தீ வளையம். கருந்துளையைச் சுற்றி ஒளிர்வது அதில் விழுந்துகொண்டிருக்கும் சூடான வாயு. துணை விண்மீனிடமிருந்து வாயுவை இழுப்பவைதான் எக்ஸ் கதிர்களில் பளிச்சென்று தெரிகின்றன. தனியே அலைவதற்கு இரை ஏது? நம் பால்வீதியில் இப்படிப்பட்டவை 10 கோடி வரை இருக்கலாம் என்று கணக்கிட்டிருந்தும், ஒன்றைப் பிடிக்கவே 2022 வரை ஆனதற்குக் காரணம் இந்த இருட்டுதான். தெரியாததே அதன் அடையாளம். நீங்கள் அதற்கு விளக்குத் தோரணம் கட்டிக் காட்டுகிறீர்கள்.

இருட்டில் இருப்பதை எப்படிக் கண்டார்கள் என்பதுதான் செய்தி. கனமான பொருளின் அருகே வரும் ஒளி வளையும். ஒரு விண்மீனுக்கும் நமக்கும் நடுவே கருந்துளை குறுக்கிட்டால் அது வில்லைபோல் செயல்பட்டு, பின்னால் உள்ள விண்மீனைச் சில காலம் பிரகாசமாக்கும். இதை நேரில் காண வாய்ப்பில்லை என்றுதான் ஐன்ஸ்டைனே 1936-இல் எழுதினார். சரியாக 50 ஆண்டு கழித்து, போலந்து வானியலாளர் போதான் பசின்ஸ்கி, லட்சக்கணக்கான விண்மீன்களைத் தொடர்ந்து கண்காணித்தால் முடியும் என்று காட்டினார். போலந்து வானியலாளர்களின் ஓகிள் குழு சிலி நாட்டின் லாஸ் கம்பானாஸில் அந்த வேலையை ஆண்டுக்கணக்கில் செய்துவருகிறது. நியூசிலாந்தின் மவுண்ட் ஜானில் மோவா குழு செய்கிறது. 2011-இல் பால்வீதி மையத்தின் திசையில் ஒரு விண்மீன் பிரகாசமடைவதை இரு குழுக்களுமே கண்டன. பல மாதங்கள் நீடித்து அது பழைய நிலைக்குத் திரும்பியது.

பிரகாசம் மட்டும் போதாது. குறுக்கே வந்ததன் நிறையை அறிய, பின்னணி விண்மீன் இடம் மாறித் தெரிவதையும் அளக்க வேண்டும். வானியலாளர் கைலாஷ் சாகு தலைமையிலான குழு ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியால் ஆறு ஆண்டுகள் அதைப் பின்தொடர்ந்தது. அளக்க வேண்டிய நகர்வு, நிலவில் படுத்திருக்கும் ஓர் ஆளின் உயரத்தைப் பூமியிலிருந்து அளப்பதற்குச் சமம். போதாக்குறைக்கு, பக்கத்திலேயே அதைவிடப் பல மடங்கு ஒளிரும் இன்னொரு விண்மீன் கண்ணைக் கூசவைத்தது.

2022-இல் சாகு குழு சூரியனைப் போல் ஏழு மடங்கு நிறை என்றது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கேசி லாம், ஜெசிக்கா லூ ஆகியோரின் குழு அதே ஹப்பிள் பதிவுகளைத் தானே அலசி 1.6 முதல் 4.4 மடங்கு வரை என்றது. அப்படியானால் அது கருந்துளையாக இல்லாமல் நியூட்ரான் விண்மீனாகவும் (பெரிய விண்மீன் வெடித்த பின் எஞ்சும், கருந்துளையாகும் அளவு நிறையில்லாத அடர்ந்த கருவாகவும்) இருக்கலாம். பிறகு வார்சாவின் பிரசெமெக் முரோஸ் தலைமையில் மூன்றாவது அலசல் நடந்தது. முரண்பாட்டுக்கு அளவீட்டில் புகுந்த பிழைகளே காரணம் என்றது. லாமும் லூவும் பதிவுகளை மறுபடி அலசி, 2023-இல் சுமார் ஆறு மடங்கு என்று திருத்தி வெளியிட்டார்கள். கோபதாபமில்லாமல், எண்களை வைத்தே நடந்து முடிந்த வழக்கு இது. ஒரு மணி நேர விவாத நிகழ்ச்சிக்கு இதைவிட நல்ல சரக்கு எங்கே கிடைக்கும்?

விண்மீன் மண்டலங்களின் மையத்தில் இருக்கும், சூரியனைப் போல் பல லட்சம் மடங்குக்கு மேல் நிறையுள்ள பெருங்கருந்துளை விஷயத்திலும் இதே கதை. 2023-இல் வானியலாளர் பீட்டர் வான் டோக்கும் குழு, ஹப்பிள் படத்தில் தற்செயலாகத் தெரிந்த 2 லட்சம் ஒளியாண்டு நீளமுள்ள கோட்டை, தன் விண்மீன் மண்டலத்தைவிட்டு ஓடும் பெருங்கருந்துளையின் தடம் என்று விளக்கியது. கானரித் தீவுகளின் வானியல் ஆய்வாளர்கள், அது விளிம்புப் பக்கமாகத் தெரியும் ஒல்லியான விண்மீன் மண்டலம்தான் என்று மறுத்தார்கள். முதல் செய்தி உங்கள் எல்லோரிடமும் வந்தது. மறுப்பை நான் தமிழில் எங்குமே பார்க்கவில்லை.

இப்போது எழுதக் காரணம் உண்டு. நாசாவின் நான்சி கிரேஸ் ரோமன் விண்வெளித் தொலைநோக்கி 2027 மே மாதத்துக்குள் ஏவப்படவேண்டும் என்பது திட்டம். ஹப்பிளின் அதே 2.4 மீட்டர் ஆடி. ஆனால் ஒரே பார்வையில் நூறு மடங்கு பரப்பைப் படமெடுக்கும். பால்வீதியின் மையத் திசையைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டிருப்பது அதன் பணிகளில் ஒன்று. தனிக் கருந்துளைகள் இனி ஒவ்வொன்றாகப் பட்டியலில் ஏறும். ஒவ்வொரு முறையும் பூமி விழுங்கப்படப் போகிறதா?

என் வேண்டுகோள் சிறியது. தொலைவையும் வேகத்தையும் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். ஓவியம் போட்டால் 'கற்பனை ஓவியம்' என்று படிக்கக்கூடிய எழுத்தில் போடுங்கள். முடிந்தால் ஓவியத்துக்குப் பதில் ஹப்பிள் எடுத்த அசல் படத்தையே வெளியிடுங்கள்: விண்மீன்கள் அடர்ந்த ஒரு பரப்பு, அதில் மங்கலான ஒரு புள்ளி, குறுக்கே வந்தது எதுவும் தெரியாது. ஆட்சேபம் எழுந்தால், முதல் செய்தி வந்த அதே இடத்தில் அதற்கும் இடம் கொடுங்கள். கணக்கைச் சரிபார்க்க ஆள் இல்லை என்று சொல்ல வேண்டாம். உங்கள் ஊர்க் கல்லூரியின் இயற்பியல் துறைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

இப்படிக்கு,
வான்நோக்குக் கூட்டம் நடத்தும் உங்கள் வாசகர் ஒருவர்