இரவுப் பணிச் செவிலியருக்கும் உடன் நின்ற எல்லோருக்கும்

கஞ்சாப் பழக்கத்துக்காக மருத்துவமனையில் இருந்த என் மகன் வீட்டுக்கு வந்துவிட்டான். நடந்தது என்ன என்று உங்களுக்கெல்லாம் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லவே இந்த மடல். அவன் படித்துப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் அனுப்புகிறேன்.

இரவுப் பணியில் இருந்த செவிலியர் சகோதரிக்கு முதல் வணக்கம். விளக்கணைத்த பிறகும் அவன் கொட்டக் கொட்ட விழித்திருந்ததைப் பார்த்து நீங்கள் அதட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "இந்தப் பழக்கத்துக்கு முன்னால் நன்றாகத் தூங்குவாயா, தம்பி?" என்று கேட்டீர்கள். இல்லை என்றானாம். கஞ்சாவைத் தொடுவதற்கு வெகுகாலம் முன்பே இரவானால் நெஞ்சு படபடக்கும், வகுப்பில் எழுந்து பேசச் சொன்னால் மூச்சு முட்டும் என்று அவன் முதன்முதலாக வாய் திறந்தது உங்களிடம்தான். மருத்துவரிடம் சொல்லலாமா என்று அவனையே கேட்டு, அவன் சொன்னபடியே குறிப்பேட்டில் எழுதி வைத்தீர்கள்.

அந்தக் குறிப்பின் அருமையை மனநல மருத்துவர் சொல்லித்தான் உணர்ந்தேன். போதையை நிறுத்திய முதல் வாரங்களில் தூக்கமின்மையும் எரிச்சலும் மனச்சோர்வும் வருவது வழக்கம். பலருக்கு அவை தாமாகவே தணிந்துவிடும். ஆனால், பழக்கத்துக்கு முன்பே இருந்த பதற்றம் அப்படிப் போகாது. போதைச் சிகிச்சைக்கு வரும் வளரிளம் பருவத்தினரில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு மனச்சோர்வோ பதற்றமோ கவனக்குறைபாடோ பழைய அதிர்ச்சியின் பாதிப்போ கூடவே இருக்கிறதாம். போதையை மட்டும் நிறுத்தி அனுப்பியிருந்தால், அந்தப் பயம் அவனை மறுபடி அங்கேயே தள்ளியிருக்கும். நினைக்கவே உடல் நடுங்குகிறது. இப்போது இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை நடக்கிறது. பிள்ளைகளின் முகத்தில் தெரிவதைத் திமிர் என்று பெரியவர்கள் எத்தனை எளிதாகச் சொல்லிவிடுகிறோம்!

பொறுமையாக விளக்கிய மருத்துவர், வாரந்தோறும் எங்களையும் உட்கார வைத்துப் பேசிய ஆலோசகர், பள்ளியில் அவன் இடத்தைக் காத்துக்கொடுத்த ஆசிரியர், காரணம் கேட்காமல் இளையவளைப் பார்த்துக்கொண்ட அக்கம்பக்கத்தார், உங்கள் எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

மீண்டும் சறுக்க நேரலாம் என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருக்கிறார். நேர்ந்தால் மறைக்காமல், அன்றே அவனை அழைத்துக்கொண்டு வருவேன். குடும்பக் கூட்டங்களுக்கும் தொடர்ந்து வருவேன். புதிதாக வரும் பெற்றோரிடம், போதைக்கு முந்தைய நாட்களைப் பற்றியும் மருத்துவரிடம் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்வேன்.

சகோதரி, அடுத்த கூட்டத்தன்று உங்களுக்குப் பகல் பணியா என்று கேட்கச் சொன்னான். உங்களை நேரில் பார்க்க வேண்டுமாம்.