பேப்பர் பிந்தியதற்குக் காரணம் பேப்பர்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சின்னமனூரில் 19 வருடமாக உங்கள் பத்திரிகைக்கு முகவராக இருக்கிறேன். தினமும் உங்கள் பேப்பரைச் சுமக்கிறவன், உங்களுக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. ஆனி மாதக் கடைசியிலிருந்து ஆவணி முதல் வாரம் வரை மார்க்கையன்கோட்டை, குச்சனூர் பக்கம் பேப்பர் பிந்திப் போனது. புகார் வந்ததாக உங்கள் விநியோகப் பிரிவிலிருந்தும் கேட்டார்கள். வேன் சரியாகத்தான் வந்தது. நானும் தூங்கிவிடவில்லை. வண்டி ஓடவில்லை, அவ்வளவுதான். ஏன் ஓடவில்லை என்பதைச் சொன்னால் ஸ்கூட்டர் வைத்திருக்கிற நாலு பேருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் வண்டி 2014 மாடல், கியர் இல்லாத 110 சிசி ஸ்கூட்டர், கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) உள்ளது. காலை 4.20-க்கு பஸ் ஸ்டாண்டில் கட்டுகளை எடுப்பேன். கால் வைக்கும் இடத்தில் ஒரு கட்டு, பின் சீட்டில் இரண்டு கட்டு. சுற்றி வந்தால் 38 கிலோமீட்டர். இத்தனை பாரத்தோடும் குச்சனூர் ரோட்டில் 65, 70-ஐத் தொடும். அது திடீரென்று 45-ல் நின்றுவிட்டது. ஸ்டார்ட்டிங்கில் குறையில்லை, தெருவுக்குள் ஓட்டும்போதும் ஒன்றும் தெரியாது. மெயின் ரோட்டுக்கு வந்து ஆக்சிலேட்டரை முறுக்கினால் சத்தம் கனக்குமே தவிர, ஏறாது. வழக்கமாக 60-ஐத் தாண்டும்போது இன்ஜினிலிருந்து ஒரு மெல்லிய இரைச்சல் கிளம்பும், அது வரவே இல்லை. ஸ்கூட்டரில் இன்ஜின் சுற்றைக் காட்டும் மீட்டர் கிடையாது, காதுதான் மீட்டர். குச்சனூர் டீக்கடையில் ஒரு பெரியவர், "என்னப்பா, பேப்பர் நடந்து வருதா?" என்று கேட்டார்.

முதலில் காற்றின் மேல் பழி போட்டேன். ஆனி, ஆடியில் கம்பம் பள்ளத்தாக்கில் அடிக்கிற மேல்காற்றை அனுபவித்தவர்களுக்குத் தெரியும், ஸ்கூட்டரை ஒரு ஆள் பின்னால் பிடித்து இழுப்பது போல இருக்கும். ஆனால் போகும்போது எதிர்க்காற்று என்றால் திரும்பும்போது அதே காற்று தள்ளிவிட வேண்டுமே! திரும்பும்போதும் 45தான். அடுத்து, பேப்பர் போடும் பையன்கள் பெட்ரோலைச் சொன்னார்கள். "எல்லாம் எத்தனால்ணே." 20 சதவீதம் எத்தனால் கலந்தால் மைலேஜ் கொஞ்சம் குறையும், அது உண்மைதான். அதற்காக 70-ல் போன வண்டி ஒரே மாதத்தில் 45-க்கு இறங்காது. ஊரில் மற்ற வண்டிகளும் அதே பங்கில்தான் போடுகின்றன, அவை பறக்கின்றன.

சரி என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பெயர் வேண்டாம். பையன் பிளக்கை (இன்ஜினுக்குள் தீப்பொறி தரும் பாகம்) கழற்றி என் கையில் கொடுத்தான். முனை அடுப்புக்கரி மாதிரி கறுத்திருந்தது, விரலில் தேய்த்தால் மை ஒட்டியது. "பிளக் போச்சுண்ணே" என்று புதுசு போட்டான். 250 ரூபாய். இரண்டு நாளில் பழைய குருடி கதவைத் திறடி. மறுபடி போனேன். கார்புரேட்டர் சர்வீஸ், ஏர் ஃபில்டர் (காற்று வடிகட்டி) சுத்தம் என்று பில்லில் எழுதி 680 வாங்கினார்கள். மூன்றாம் தடவை, இன்ஜின் சுற்றைச் சக்கரத்துக்குக் கடத்துகிற பெல்ட்டும் ரோலரும் தேய்ந்துவிட்டன என்று மாற்றினார்கள், 2,850. நான்காம் தடவை, "போர் போயிருச்சு, இன்ஜினை இறக்கணும், ஒன்பதாயிரம் ஆகும்" என்றார்கள். இன்ஜின் சிலிண்டரின் உள்சுவர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதுவரை 3,780 கொடுத்தாகிவிட்டது. ஒரு பேப்பருக்கு என்ன கமிஷன் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எங்கள் அப்பா பழைய சேத்தக் ஸ்கூட்டர் வைத்திருந்தார். அது டூ ஸ்ட்ரோக், பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரிவதால் சைலன்ஸருக்குள் கரி அடைத்துக்கொள்ளும். அடைத்தால் இதே நோய்தான், இழுவை இருக்காது, வேகம் இருக்காது. மெக்கானிக் சைலன்ஸரைக் கழற்றி உள்ளே தீ வைத்து, கம்பி விட்டுக் குடைவார். அதைப் பார்ப்பதற்கென்றே நான் கூடப் போவேன். அந்த மனிதரிடம் எனக்கு மறக்காதது தீ இல்லை. ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு ரவுண்டு போய்விட்டு வருவார். வந்து அப்பாவிடம், "இன்ஜின் கத்துதா, வண்டி போகலையா? இல்ல, இன்ஜினே கத்த மாட்டேங்குதா?" என்று கேட்பார். நான்கு தடவை போன ஒர்க்‌ஷாப்பில் ஒருவரும் என் வண்டியை ஓட்டிப் பார்க்கவில்லை. இந்தக் கேள்வியையும் கேட்கவில்லை.

கியர் இல்லாத ஸ்கூட்டரில் இந்தக் கேள்விதான் பாதி வேலை. இன்ஜின் நன்றாகக் கத்தி, வண்டி மட்டும் போகாவிட்டால் பெல்ட், கிளட்ச், ரோலர் பக்கம் பார்க்க வேண்டும். தேய்ந்து ஒடுங்கிப்போன பெல்ட் முன் புல்லியில் விளிம்பு வரை ஏறாது, அதனால் கடைசி வேகம் கிடைக்காது. இன்ஜினே கத்தாவிட்டால் அதற்கு மூச்சு இல்லை, அல்லது தீனி இல்லை. காற்று, பெட்ரோல், பிளக், சைலன்ஸர் என்று அந்தப் பக்கம் போக வேண்டும். ரோலரும் (முன் புல்லிக்குள் இருக்கும் சின்ன எடை உருளை) இதில் ஒரு குழப்பம் பண்ணும். அளவுக்கு மேல் கனமான ரோலரைப் போட்டுவிட்டால் இன்ஜின் சுற்று ஏறாமல் முக்கும். ஆனால் என் வண்டி பழைய ரோலரோடு வருஷக்கணக்கில் ஒழுங்காக ஓடியதுதானே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பர் போட்டு முடித்து, குளித்துச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். பிரேக் பிடித்திருந்தால் இரண்டு சுற்றில் நின்றுவிடும். தாராளமாகச் சுற்றியது. அப்புறம் ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரை முழுசாக முறுக்கினேன். பொத பொதவென்று இருமி, பின்னால் கறுப்பாகக் கொஞ்சம் புகை விட்டது. பிடியைப் பாதிக்குத் தளர்த்தினேன், இன்ஜின் உடனே தெளிந்து சுற்று ஏறியது! முழுசாகத் திறந்தால் திணறுகிறது, குறைத்தால் மூச்சு விடுகிறது. கறுப்புப் பிளக், கறுப்புப் புகை, 46 கொடுத்த மைலேஜ் 34 ஆனது, எல்லாம் ஒரே இடத்தைத்தான் காட்டின. பெட்ரோல் போகிறது, அதற்கேற்ற காற்று போகவில்லை. காற்றைக் குறைக்கிற சோக்கை இழுத்துவிட்டு ஓட்டுவது போல. மெதுவாகப் போகும்போது இன்ஜினுக்குக் காற்று கொஞ்சம் போதும், அதனால் தெருவுக்குள் ஒன்றும் தெரியாது. மூக்கைப் பாதி பொத்திக்கொண்டு நடந்துவிடலாம், ஓட முடியுமா? அந்தப் பையன் கையில் கொடுத்த பிளக் முதல் நாளே இதைச் சொன்னது. அவன் பிளக்கை மாற்றினான், நானும் கேட்காமல் வந்துவிட்டேன்.

ஏர் ஃபில்டர் பெட்டி இடது பக்கம் பெல்ட் கவருக்கு மேலே இருக்கும். மூடியில் இருந்த ஸ்க்ரூக்களைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலைப் பள்ளத்திலும் மழைச் சேறு காய்ந்து, சிமென்ட் பூசினது போல இறுகியிருந்தது. ஊசியால் குத்தி எடுத்த பிறகுதான் ஸ்க்ரூ டிரைவர் உள்ளே இறங்கியது. சுத்தம் செய்ததாகப் பில் போட்டிருக்கிற பெட்டியை இரண்டு வருடமாக யாரும் திறக்கவே இல்லை. இன்னொன்று, இந்த வண்டியில் இருப்பது எண்ணெய் ஊறிய காகித ஃபில்டர். அதைக் காற்றடித்துச் சுத்தம் பண்ணக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். ஆக, அவர்கள் எழுதிய வேலை செய்யாத வேலை மட்டுமில்லை, செய்யவே கூடாத வேலை.

மூடியைத் திறந்தேன். உள்ளே உங்கள் பத்திரிகை இருந்தது.

கேலி இல்லை ஐயா. விற்காத ரிட்டர்ன் கட்டுகளை வண்டி நிற்கும் தாழ்வாரத்தில்தான் அடுக்கி வைப்பேன். எலி அதைக் கடித்து, நூல் நூலாகக் கிழித்து, காற்று உள்ளே போகும் குழாயிலும் பெட்டிக்குள்ளும் திணித்துக் கூடு கட்டியிருந்தது. நடுவில் கொஞ்சம் தேங்காய் நாரும் நிலக்கடலைத் தோலும். ஃபில்டரின் ஒரு மூலையையும் கொறித்திருந்தது. அள்ளிப் போட்டதில் ஒரு துண்டு மட்டும் படிக்கிற மாதிரி கிடைத்தது. ராசிபலன் பகுதி. ராசி பெயரை எலி தின்றுவிட்டது, "வீண் அலைச்சல்" என்பது மட்டும் மிச்சமிருந்தது. சனீஸ்வரன் கோயில் ஊரான குச்சனூருக்குப் பேப்பர் கொண்டுபோகிற வண்டியில் இது தேவைதான்.

புது ஃபில்டர் 230 ரூபாய். போட்டதும் 60 வந்தது. மிச்சம் 10 எங்கே என்று சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டியைக் கழற்றிக் கார்புரேட்டரைப் பார்த்தேன். ஒரு பையனை விட்டு ஆக்சிலேட்டரை முழுசாக முறுக்கச் சொன்னால், அங்கே கம்பி இழுக்கிற கை கடைசி வரை போகவில்லை. கேபிள் தொய்ந்திருந்தது. 10-ம் நம்பர் ஸ்பேனரால் நட்டைத் திருப்பித் தொய்வை எடுத்தேன். ஹேண்டில் பாரை இரண்டு பக்கமும் ஒடித்துப் பார்த்து, ஐட்லிங் (ஆக்சிலேட்டரைத் தொடாதபோது ஓடும் சுற்று) ஏறவில்லை என்று உறுதி செய்துகொண்டேன். ரொம்ப இறுக்கிவிட்டால் திருப்பும்போது வண்டி தானாக முறுக்கிக்கொள்ளும், அது ஆபத்து. மறுநாள் காலை மூன்று கட்டோடு 68. அந்த மெல்லிய இரைச்சலும் திரும்பி வந்தது.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி) ஸ்கூட்டர்களில் கார்புரேட்டர் கிடையாது, பெட்ரோலை இன்ஜெக்டர் பீய்ச்சுகிறது. அதனால் என் வண்டியில் கண்ட எல்லாம் அப்படியே அவற்றுக்குப் பொருந்தாது. காற்று மட்டும் எந்த இன்ஜினுக்கும் வேண்டும்.

ஒர்க்‌ஷாப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்கு முன்னால் பன்னிரண்டு வண்டி நிற்கிறது, சாயங்காலத்துக்குள் எல்லாம் போக வேண்டும். ஆனால் முதலாளிமார்களிடம் ஒன்று கேட்கலாம். மாற்றிய பழைய சாமானை வண்டிக்காரர் கையில் கொடுங்கள். என் பழைய பெல்ட்டையும் ரோலர்களையும் நான் கண்ணால் பார்க்கவில்லை. அவை உண்மையிலேயே தேய்ந்திருந்தனவா, இல்லை இன்னொரு வண்டியில் ஓடிக்கொண்டிருக்கின்றனவா என்று இப்போது யாரிடம் கேட்பது? திறக்காத பெட்டிக்குப் பில் எழுதாதீர்கள். தொடுவதற்கு முன்னால் ஒரு கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள்.

உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். ராசிபலனுக்குக் கொடுக்கிற இடத்தில் கால்வாசியை வாரம் ஒரு நாள் இந்த மாதிரி ரிப்பேர் விஷயங்களுக்கு ஒதுக்கலாம். டீக்கடையில் என்னிடம் அதிகம் பேர் விசாரித்தது தலைப்புச் செய்தியை இல்லை, என் ஸ்கூட்டரைத்தான்.

எலி இன்னும் அகப்படவில்லை. ரிட்டர்ன் கட்டுகளைத் தகர டிரம்முக்கு மாற்றிவிட்டேன். குச்சனூர் வாசகர்கள் இனி 5.40-க்கு வாசலில் பேப்பர் பார்க்கலாம். ஞாயிறு மட்டும் இணைப்பைச் செருக வேண்டியிருப்பதால் ஒரு பத்து நிமிடம் கூடும், பொறுத்துக்கொள்ளச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் முகவர்,
சின்னமனூர், தேனி மாவட்டம்.